ஜாக்கி சான் கார்ட்டூன் வடசென்னைக்கு வந்த கதை

ஒரு தொடரின் முதல் எபிசோட் எப்போது ஒளிபரப்பானது என்று கேட்டால், இணையத்தில் தேடி ஒரு நொடியில் தேதி சொல்லிவிடலாம். 'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்' கார்ட்டூனுக்கு அந்தத் தேதி 2000 செப்டம்பர் 9. அமெரிக்காவில் 'கிட்ஸ் டபிள்யூபி' ஒளிபரப்பில் வந்தது. எபிசோடின் பெயர் 'தி டார்க் ஹேண்ட்', தமிழில் சொன்னால் 'இருட்டுக் கை'.

சரி, அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பிள்ளைகளுக்கு? அவர்களுக்கு ஒரு கார்ட்டூன் 'வந்தது' என்று சொல்ல வேண்டுமானால் மூன்று காரியங்கள் நடந்திருக்க வேண்டும். வீட்டில் டிவி இருக்க வேண்டும். கேபிள் கட்டணம் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். டிவிக்குள் இருப்பவர்கள் தமிழ் பேச வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வதற்குள் சட்டம், தேர்தல் வாக்குறுதி, வியாபாரக் கணக்கு எல்லாம் குறுக்கே வந்துவிட்டன. இந்தக் கட்டுரை அந்த வரலாறு பற்றியது. கார்ட்டூன் வரலாறு என்று சொன்னாலும், பாதிக்கு மேல் இது கேபிள் ஒயர் வரலாறுதான்!

முதல் எபிசோடில் என்ன இருந்தது?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஜாக்கி சான் ஒரு தொல்பொருள் ஆய்வாளர். ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ஒரு கோட்டையிலிருந்து பழைய கேடயம் ஒன்றை எடுத்து வருகிறார். அந்தக் கேடயத்தில் சேவல் உருவம் பொறித்த ஒரு சின்னக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. 'இருட்டுக் கை' என்ற கொள்ளைக் கூட்டம் அந்தக் கல்லுக்காகத் துரத்துகிறது. ஜாக்கி சான் பிரான்சிஸ்கோவில் தன் மாமாவின் பழம்பொருள் கடைக்கு வந்து சேர்ந்தால், அங்கே ஹாங்காங்கிலிருந்து வந்த ஜேட் என்ற சின்னப் பெண். 'நீ வீட்டிலேயே இரு' என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காத பெண். ரகசியப் போலீஸ் அதிகாரி கேப்டன் பிளாக் ஜாக்கியை உதவிக்குக் கூப்பிடுகிறார். ஜேட் பின்னாலேயே வந்துவிடுகிறாள். அவ்வளவுதான், அடுத்த 94 எபிசோடுக்கும் அஸ்திவாரம் போட்டாயிற்று.

இதில் சூப்பர் ஹீரோ எங்கே என்று கேட்கலாம். அதுதான் இந்தத் தொடரின் சூட்சுமம். சக்தி மனிதனிடம் இல்லை, கல்லில் இருக்கிறது. சீன ராசிச் சக்கரத்தின் 12 மிருகங்களுக்கு 12 தாயத்துகள். சேவல் தாயத்து கையில் இருந்தால் பொருட்களை அந்தரத்தில் மிதக்க விடலாம். எருது அசுர பலம் தரும். பாம்பு ஆளை மறைய வைக்கும். முயல் வேகம் தரும். ஆடு உடலை விட்டு ஆவியாக உலவ விடும். எலி பொம்மைக்கு உயிர் கொடுக்கும். குதிரை காயத்தை ஆற்றும். குரங்கு உருவம் மாற்றும். நாய்க்குச் சாவில்லாத வரம். பன்றிக்குக் கண்ணிலிருந்து நெருப்பு. டிராகனுக்கு வெடிப்பு. புலிக்கு மனதின் இரண்டு பாதிகளையும் சமநிலையில் வைக்கும் சக்தி.

சூப்பர்மேனுக்குப் பிறப்பிலேயே சக்தி. பேட்மேனுக்கு அப்பா விட்டுப்போன சொத்து. இங்கே அப்படி எதுவும் இல்லை. கல் யார் கையில் இருக்கிறதோ அவரே சூப்பர் ஹீரோ. அடுத்த நிமிடம் அது வில்லன் கைக்குப் போகும், அடுத்த நிமிடம் ஒரு சிறுமியின் பாக்கெட்டுக்கு வரும். சண்டை நடக்கும்போது ஹீரோ வீரவசனம் பேச மாட்டார். 'ஐயோ' என்று அலறுவார், நாற்காலியிலும் ஏணியிலும் சிக்கிக்கொண்டு அடிப்பார், அடித்துவிட்டுக் கை வலிக்கிறதே என்று உதறுவார். நிஜ ஜாக்கி சான் தன் படங்களில் பல வருடங்களாகச் செய்த அதே வித்தை. 1954-ல் ஹாங்காங்கில் பிறந்து, சீன ஓப்பரா பள்ளியில் குட்டிக்கரணம் கற்று, 1978-ல் 'டிரங்கன் மாஸ்டர்' மூலம் பெயர் வாங்கியவர் அவர். 1998-ல் வந்த 'ரஷ் ஹவர்' அவரை அமெரிக்காவில் பெரிய நட்சத்திரமாக்கியது. இரண்டே வருடத்தில் கார்ட்டூன் தயாராகிவிட்டது. கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் சீ. நிஜ ஜாக்கி எபிசோட் முடிவில் வந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

அதற்கு முன்னால் யார் இருந்தார்கள்?

வெளிநாட்டு சூப்பர் ஹீரோ தமிழ் பேசியது இதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-ல் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 'தி ஸ்டீல் கிளா' என்ற பெயரில் பிறந்தவர். மின்சாரம் தாக்கினால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு ஷாக் அடித்தால் ஆஸ்பத்திரி, மாயாவிக்கு ஷாக் அடித்தால் சாகசம்!

மாயாவியின் வெற்றிக்குக் காரணம் எளிது. அவர் தமிழில் வந்தார், பெட்டிக்கடையிலும் பழைய புத்தகக் கடையிலும் கிடைத்தார், ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்தார்கள். மொழியும் விலையும் சரியாக இருந்தன.

டிவியில் அப்படி நடக்கவில்லை. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. எண்பதுகளில் தேசிய ஒளிபரப்பில் ஸ்பைடர்மேன், ஹீ-மேன் எல்லாம் வந்தார்கள். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிஸ்னியின் 'டக்டேல்ஸ்', 'டேல்ஸ்பின்' வந்தன, இந்தியில். 1997-ல் தொடங்கிய சக்திமானும் இந்தியில் பிறந்தவர்தான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இவற்றைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், ரசித்தார்கள். ஆனால் எதைப் பார்த்து? ஓட்டம், அடி, விழுதல், வெடித்தல். வசனத்தில் இருந்த நகைச்சுவை அப்படியே காற்றில் போயிற்று.

சாதாரண சாகசக் கதைக்கு மொழி புரியாவிட்டாலும் ஓரளவு சமாளிக்கலாம். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கிறுக்குத்தனமான நகைச்சுவைக் கதைக்கு அது நடக்காது. 'ஹீரோ ஏன் இப்போது புலம்புகிறார்?' என்பது புரிந்தால்தான் சிரிப்பு வரும். ஆகவே சூப்பர் ஹீரோ நகைச்சுவைக்கு டப்பிங் என்பது ஒரு வசதி அல்ல, அது இல்லாவிட்டால் பாதிக் கதையே இல்லை.

மொழி கேபிள்காரர் கையில்

1995 மே 1-ல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. முதலில் ஆங்கிலம். நாளில் பாதி நேரம் கார்ட்டூன், மீதி நேரம் டிஎன்டி என்ற பெயரில் பழைய ஹாலிவுட் படங்கள். பிறகு இந்தி டப்பிங் வந்தது, 2000-ஆம் ஆண்டையொட்டித் தமிழும் வந்தது. 2004 டிசம்பர் 17-ல் டிஸ்னி சேனலும் டூன் டிஸ்னியும் இந்தியாவில் தொடங்கியபோது தமிழ், தெலுங்கு ஒலிகளோடுதான் வந்தன.

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்ப விஷயம். இப்படிப்பட்ட சேனல்களில் படம் ஒன்று, ஒலி பல. சாட்டிலைட்டிலிருந்து ஒரே படத்தோடு ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று தனித்தனி ஒலித்தடங்கள் இறங்கும். இன்று ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் மொழி மாறும். பழைய அனலாக் கேபிளில் அந்த வசதி கிடையாது. கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறையில் எந்த ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுதான் தெரு முழுக்கப் போகும். அதாவது ஒரு கார்ட்டூன் பாத்திரம் என்ன மொழி பேசும் என்பதை அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவரோ பார்க்கிற பிள்ளையோ தீர்மானிப்பதில்லை. ஏதோ ஒரு மாடி அறையில் அடுக்கி வைத்திருந்த டப்பாக்களில் ஒன்று தீர்மானித்தது.

இருந்தாலும் பிள்ளைகளுக்கு அது ஒரு நல்ல காலம். ஒரே கேபிள் கட்டணம், எல்லா சேனலும் வரும். அந்த நல்ல காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு.

2003 செப்டம்பர் 1

கேபிள் தொழிலில் அப்போது பெரிய சண்டை. உன் பகுதியில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று சேனல்காரர்கள் கேட்பார்கள். கேபிள்காரர்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது சேனல்களின் புகார். சேனல்கள் இஷ்டத்துக்கு விலையை ஏற்றுகின்றன என்பது கேபிள்காரர்களின் புகார். நடுவில் மாட்டிக்கொண்டது வாடிக்கையாளர். இதற்குத் தீர்வாக மத்திய அரசு 2002-ல் கேபிள் சட்டத்தைத் திருத்தியது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் வீட்டில் செட்டாப் பாக்ஸ் வைத்து, எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கு மட்டும் பணம் கட்டலாம். பாக்ஸ் வேண்டாமென்றால் இலவசச் சேனல்கள் மட்டும் வரும். அந்த அடிப்படைத் தொகுப்புக்கு மாதம் 72 ரூபாயும் வரியும் என்று அரசே விலை வைத்தது. 'கேஸ்' என்று எல்லோர் வாயிலும் அடிபட்ட திட்டம் இதுதான்.

டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொடங்குவதாக இருந்தது. மற்ற மூன்று நகரங்களில் எதிர்ப்பு, தேர்தல், தள்ளிவைப்பு என்று ஏதேதோ காரணம். கடைசியில் 2003 செப்டம்பர் 1 அன்று சொன்னபடி அமலானது சென்னையில் மட்டும்தான்! இந்தியாவுக்கே சோதனைக்கூடம் ஆனது சென்னை.

வணிகவியல் புத்தகத்தின்படி பார்த்தால் இது அருமையான திட்டம். பார்ப்பதற்கு மட்டும் காசு, பார்க்காததற்குக் காசு இல்லை. நுகர்வோருக்கே முழு உரிமை. நடைமுறையில் என்ன ஆயிற்று? பாக்ஸின் விலை சில ஆயிரம் ரூபாய். தமிழ்ச் சேனல்கள் பெரும்பாலும் இலவச அடுக்கில் இருந்ததால் சீரியலும் செய்தியும் சினிமாப் பாட்டும் பாக்ஸ் இல்லாமலே வந்தன. பெரியவர்களுக்கு வேண்டியது எல்லாம் வருகிறது, மாதக் கட்டணமும் குறைகிறது. பிறகு எதற்குப் பாக்ஸ்? சென்னையில் பாக்ஸ் வாங்கியவர்கள் மிகச் சொற்பம்.

கார்ட்டூன் நெட்வொர்க் கட்டணச் சேனல். பாக்ஸ் இல்லாத வீடுகளில் அது நின்றுபோனது. 2004 ஜனவரி 1-ல் தொடங்கிய போகோவும், பின்னால் வந்த டிஸ்னியும் அதே கட்டண வரிசையில்தான் நின்றன.

இந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். இது யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் அல்ல. மீனவர் குடும்பமோ, துறைமுகத்தில் சுமை இறக்குபவரின் குடும்பமோ, எண்ணூர் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் குடும்பமோ, மாதம் சில பத்து ரூபாய் மிச்சமாவதை வரவேற்றால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கு சரிதான். ஆனால் ஒரு வீட்டில் 'நுகர்வோர்' என்பது ஒருவர் அல்ல. பணம் கட்டுபவர் ஒருவர், பார்ப்பவர்கள் நான்கு பேர். தேர்வு செய்யும் உரிமை பணம் கட்டுபவருக்குக் கிடைத்தது. இழப்பு, அந்த வீட்டிலேயே சொந்தமாக ஒரு ரூபாய் கூட இல்லாத பிள்ளைக்குப் போயிற்று. குழந்தைகள் சேனல் எல்லாவற்றுக்கும் இருக்கிற அடிப்படைச் சிக்கல் இதுதான். பார்ப்பவர் வேறு, வாங்குபவர் வேறு.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார் இருக்கிறதே! பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான கடைவரிசை. விசிடி காலத்தில் சென்னைக்கே படம் விற்ற இடம். வடசென்னைக்கு அது நடந்து போகிற தூரம். ஆனால் விசிடியில் கிடைக்கும் வெளிநாட்டுக் கார்ட்டூன் ஆங்கிலம் பேசும். விலை எட்டினாலும் மொழி எட்டாது. மறுபடியும் ஓட்டம், அடி, விழுதல், வெடித்தல்தான்.

இலவச டிவியும் சுட்டி டிவியும்

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று இலவச வண்ணத் தொலைக்காட்சி. ஆட்சிக்கு வந்ததும் 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 'டிவி கொடுத்தால் கேபிள் கட்டணம் யாருக்குப் போகும்?' என்று எதிர்க்கட்சிகள் அப்போதே கேட்டன. நியாயமான கேள்வி. டிவி சோறு போடுமா என்று கேட்டவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை, இங்கே முடிக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு விளைவை மறுக்க முடியாது. பக்கத்து வீட்டு வாசலில் நின்று டிவி பார்க்கும் நிலையிலிருந்து பல லட்சம் பிள்ளைகள் சொந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்க்கும் நிலைக்கு வந்தார்கள். வாசலில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு ரிமோட் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அடுத்த வருடம், 2007 ஏப்ரல் 29 அன்று சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. 24 மணி நேரமும் தமிழில் குழந்தைகளுக்கான சேனல். ஒரு மாநில மொழியில் இப்படி ஒரு சேனல் இந்தியாவில் அதுவரை இல்லை. ஜாக்கி சான் கார்ட்டூனைத் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் சந்தித்தது இந்தச் சேனலில்தான்.

இதற்குப் பின்னால் உள்ள வியாபாரக் கணக்கு சுவாரசியமானது. ஒரு கார்ட்டூனைப் புதிதாக வரைவது பெரிய செலவு. ஏற்கெனவே வரைந்து முடித்த 95 எபிசோடை உரிமம் வாங்கித் தமிழ்க் குரல் சேர்ப்பது அதைவிட மிகக் குறைந்த செலவு. ஒருமுறை டப்பிங் செய்துவிட்டால் அடுத்த தடவை ஒளிபரப்பக் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. இதைவிட முக்கியம், குழந்தைகள் சேனலின் பார்வையாளர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை தானாகவே மாறிவிடுவார்கள். எட்டு வயதுப் பையன் பதினான்கு வயதில் கிரிக்கெட்டுக்கும் சினிமாவுக்கும் போய்விடுவான். அவன் இடத்தில் அவன் தம்பி வந்து உட்காருவான். தம்பிக்கு அது புத்தம் புதிய தொடர். ஒரே சரக்கு, மறுபடி மறுபடி புது வாடிக்கையாளர்! 2001 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். ஒரே மொழி பேசும் இவ்வளவு பெரிய சந்தைக்குத் தனிச் சேனல் வர 2007 வரை ஆனதுதான் ஆச்சரியம்.

குரல் மாற்றும் வேலை

டப்பிங் என்றால் வசனத்தை மொழிபெயர்த்து வாசிப்பது என்று நினைத்துவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும்போதே வசனம் தனியாகவும், இசையும் சத்தங்களும் தனியாகவும் வரும். வசனத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் வசனத்தை வைக்க வேண்டும். பாத்திரத்தின் வாய் இரண்டு விநாடி அசைந்தால் தமிழும் இரண்டு விநாடிக்குள் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் சிறியதாக இருக்கும் வாக்கியம் தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் சேர்ந்து நீளும். ஆகவே டப்பிங் எழுதுபவர் கதை சொல்வது பாதி, அளவெடுத்து வெட்டுவது பாதி.

இந்தத் தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைக்காரப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் பெயரே 'அங்கிள்'தான். ஆங்கிலத்தில் ஒரு சொல் போதும். தமிழில் அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா? ஜேட் ஜாக்கியை 'நீ' என்பாளா, 'நீங்க' என்பாளா? சொல்பேச்சு கேட்காத பெண்தான், ஆனாலும் பெரியவரை 'நீ' என்றால் நம் வீடுகளில் நகைச்சுவை கெட்டுச் சண்டை வந்துவிடும். இப்படி ஒவ்வொரு வரியிலும் ஒரு சின்ன முடிவு எடுத்தால்தான் சான் பிரான்சிஸ்கோ கடை தமிழ் வீடு ஆகும். பெரியவர் பேயோட்ட ஓதும் மந்திரம் சீன மொழியின் கான்டனீஸ் வகையைச் சேர்ந்தது. 'பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடுங்கள்' என்பதுபோல ஒரு பொருள். நம் ஊர் வேப்பிலை அடிப்பவர் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான்! பேயோட்டும் முறையில் ஹாங்காங்குக்கும் காசிமேட்டுக்கும் பெரிய தூரம் இல்லை.

வடசென்னையில் ஏன் ஒட்டிக்கொண்டது?

வடசென்னைக்குச் சண்டைக்கலை புதிது இல்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டைக் குழுக்கள் இருந்த மண். 2021-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தபிறகு இது ஊருக்கே தெரிந்த விஷயம். 1980-ல் முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதே நேரு ஸ்டேடிய வளாகத்தின் உள்விளையாட்டு அரங்குக்கு 2008 ஏப்ரல் 25 அன்று 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்காக நிஜ ஜாக்கி சானே வந்தார். சுட்டி டிவி தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை, நான்கு நாள் பாக்கி!

ஆனால் சண்டை மட்டும் காரணம் என்றால் எந்தக் குங்ஃபூ கார்ட்டூனும் போதுமே. இந்தத் தொடரின் அமைப்பில் இரண்டு விஷயங்கள் கூடுதலாக இருந்தன.

ஒன்று, சக்தி சொத்தாக வருவதில்லை. இரும்புக்கை மாயாவிக்குக்கூட ஒரு விபத்து தேவைப்பட்டது. இங்கே கீழே கிடக்கும் கல்லை எடுத்தால் போதும். கடற்கரையிலும் ரயில் பாதையோரத்திலும் வழவழப்பான கல்லைத் தேடிப் பொறுக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமான விளையாட்டு ஏது? காசு கொடுத்து முகமூடியோ உடையோ வாங்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு கல், அதில் ஆளுக்கொரு மிருகம், அவ்வளவுதான்.

இரண்டு, ஜேட். பெரிய ஹீரோவின் பெயரில் வந்த தொடர் என்றாலும் முதல் எபிசோடிலிருந்தே கதையை நகர்த்துவது 'நீ வராதே' என்று சொல்லப்பட்ட சிறுமிதான். அவள் பின்னாலேயே போகாவிட்டால் பாதி எபிசோடில் கதையே இல்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் கூப்பிடப்படும் பெண் பிள்ளைகளுக்கு அந்தச் சிறுமி என்ன தந்திருப்பாள் என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. 'முதல் எபிசோட்' என்று இவ்வளவு நேரம் பேசினாலும், தமிழ்நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் அதை முதலில் பார்த்திருக்க வாய்ப்பே குறைவு. ஸ்கூல் விட்டு வந்து டிவி போட்ட நேரத்தில் எது ஓடியதோ அதுவே அவர்களுக்கு முதல் எபிசோட். முதல் சீசனில் 13 எபிசோட்கள், அதற்குள் 12 தாயத்து வேட்டை. நடுவில் வந்து உட்கார்ந்தாலும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்படியான அமைப்பு. கல் எங்கே, யார் முதலில் எடுப்பது, ஜேட் எங்கே ஒளிந்திருக்கிறாள்? மறு ஒளிபரப்பை நம்பி வாழும் சேனலுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைக்காது.

ஆக...

இந்தக் கதையில் ஒரு நேர்கோடு கிடையாது. தொழில்நுட்பம் முன்னேறியது, ஆகவே பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் கிடைத்தது என்று எழுதிவிட்டால் அது பொய். 2003-ல் தொழில்நுட்பம் முன்னேறியபோது சென்னைப் பிள்ளைகளுக்கு இருந்ததும் போயிற்று. செட்டாப் பாக்ஸ் பழைய கேபிளைவிட நல்ல கருவி, மொழியைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதற்குப் பணம் கட்டும் முடிவு, கார்ட்டூன் பார்க்காதவர்கள் கையில் இருந்தது. பிறகு நிலைமை மாறியதற்கும் யாரும் கார்ட்டூனை நினைத்து எதையும் செய்யவில்லை. ஓட்டுக்காக ஒரு வாக்குறுதி, விளம்பர வருமானத்துக்காக ஒரு சேனல். இரண்டும் ஒரு வருட இடைவெளியில் வந்து சேர்ந்தபோது, 2000-லேயே அமெரிக்காவில் ஓடி, 2005-ல் முடிந்தும் போயிருந்த ஒரு தொடர் இங்கே புதிதாகப் பிறந்தது.

ஆகவே ஒரு தொடரின் முதல் ஒளிபரப்புத் தேதியை எழுதும்போது பக்கத்தில் 'எங்கே, எந்த மொழியில், என்ன விலையில்' என்று மூன்று கட்டங்கள் சேர்ப்பது நல்லது. அந்த மூன்றும் நிரம்பாத தேதி பிள்ளைகளுக்குப் பிரயோஜனம் இல்லாத தேதி. குழந்தைகளுக்கான சேனல்களுக்குக் கட்டணம் நிர்ணயிப்பவர்கள் யோசிக்க வேண்டியதும் அதுதான். 2003-ல் சென்னையில் ஒரு பாக்ஸைப் பற்றி முடிவெடுத்தபோது அந்த அறையில் எல்லாத் தரப்பும் இருந்தது. சேனல், கேபிள்காரர், அரசு, கட்டணம் கட்டும் நுகர்வோர். எட்டு வயதுக்காரர்கள் சார்பில் பேச மட்டும் ஒருவரும் இல்லை.